புல்லும் பூண்டும்

தோட்டம் வேண்டும் என்று நான் பெயர் பதிந்து ஆறு வருடமாகியிருந்தது. பதிந்ததே மறந்துவிட்டது. ஒரு ஓகஸ்ட் மாத மத்தியானம், நான் வேலை செய்யும் பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகள் வெளியே தங்கள் தள்ளுவண்டில்களில் உறங்கிக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. உங்களுக்கு ஒரு 'பார்செல்' கிடைத்திருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் பதில் தரவும். நோர்வேஜிய மொழியில் பார்செல் என்றால் நிலத்துண்டு. மாலையில் கணவரிடம் சொன்னபோது அவர் பஸ் ஓட்டிக் களைத்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"பார்செலோ? ஆர் அனுப்பினது?"

"பகிடி விடாதேங்கோ. தோட்டம் கிடைச்சிருக்கு."

"தோட்டமோ? உமக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?"

நியாயமான கேள்விதான். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்றாலும் வளர்ந்தது பட்டணத்தின் நடுவில், சீமெந்து போட்ட முற்றத்தில். அப்பா வங்கியில் எழுதுவினைஞர். இருபத்திரண்டு வயதில் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்ட்டுக்கு வந்து மீன் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே மலையில் மரமே கிடையாது. மண் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடலாம். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து புருசெத்தில் ஆறாம் மாடியில் குடியேறினோம். மண்ணோடு எனக்கு எந்தப் பழக்கமும் இருந்ததில்லை.

பின்னே ஏன் பெயர் பதிந்தேன்? வேலைக்குப் போகும் பஸ் அந்தத் தோட்டங்களின் ஓரமாகத்தான் போகும். ஜன்னல் வழியே பார்த்தால் யாராவது ஒருவர் குனிந்து எதையோ செய்துகொண்டிருப்பார். அவசரப்படாத மனிதர்களை நான் அந்த ஒரு இடத்தில்தான் கண்டேன். வேறு காரணம் எனக்கு ஞாபகமில்லை.

தோட்டச் சங்கத்தின் தலைவி உயரமான ஒரு நோர்வேஜியப் பெண்மணி. அறுபதைத் தாண்டியவர். றப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு எனக்காகக் கேற்றடியில் காத்து நின்றார். சரிவில் ஏறிப் போனோம். இருபக்கமும் பார்க்க ஆசையாக இருந்தது. கரட்டின் இலைகள், அவரைக் கொடிகள், வெட்டி வைத்த கேக் போல ஒழுங்கான பாத்திகள். பிறகு ஒரு புதரின் முன்னால் நின்று, "இதுதான்" என்றார்.

"எது?" என்று கேட்டேன்.

அந்தப் புதர்தான். என் தோளளவுக்கு வளர்ந்து நின்றது. முன்பு வைத்திருந்தவர் வேறு ஊருக்கு மாறிப் போய் இரண்டு கோடையாக ஒருவரும் கை வைக்கவில்லையாம். தொட்டால் சுடும் காஞ்சோண்டி, முள்ளு முள்ளாக ராஸ்பெரித் தடிகள், அவற்றுக்குக் கீழே தரை தெரியாமல் பச்சைக் கம்பளம் போல ஒரு செடி. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"அடுத்த கோடை முடிவதற்குள் பாதியளவாவது பயிராக இருக்க வேண்டும். அது எங்கள் விதி" என்றார் தலைவி. "ஆனால் உங்கள் நாட்டில் எல்லோருக்கும் விவசாயம் தெரியும்தானே?"

நான் பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

புதிதாக வருகிறவருக்கு முழுத்துண்டும் அதிகம் என்று அதை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். மற்றப் பாதியும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத்தான் கிடைத்திருந்தது. ஒரே மொழிக்காரர் என்றால் உங்களுக்கும் சுகம், எங்களுக்கும் சுகம் என்று தலைவி சிரித்தார்.

அந்தப் பெண்ணை அடுத்த சனிக்கிழமை சந்தித்தேன். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். கோயம்புத்தூர்க்காரி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மலையில் பனி எப்போது எவ்வளவு உருகும் என்று கணினியில் கணக்குப் போடுகிற வேலை. புத்தம்புதுக் கையுறை, அதில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க சிலோனா? உங்க தமிழ் கேக்கவே அவ்வளவு நல்லா இருக்கு" என்றாள்.

"நான் இன்னும் ஒண்டும் கதைக்கேல்லையே" என்றேன். "நீர் எவ்வளவு காலம் இஞ்சை?"

அவள் கண்ணை அகல விரித்தாள். "நீரா? நாடகத்துல ராஜா பேசுற மாதிரி இருக்குக்கா."

எங்களுக்கு 'நீர்' என்பது அன்பும் மரியாதையும் சம அளவில் கலந்த சொல். அவளுக்கு அது கிரீடம் வைத்தவன் பேசுவது. அவளுக்காக நான் 'நீங்கள்' என்று மாற்றிப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் பழையபடி 'நீர்' வந்துவிட்டது. அவளும் சிரித்து விட்டுவிட்டாள்.

புதரைச் சுற்றி ஒரு முறை நடந்தோம். இருவரும் மற்றவர் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தோம். கடைசியில் அவள்தான் வாய் திறந்தாள்.

"அக்கா, எங்கேந்து ஆரம்பிக்கலாம்? நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல."

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை."

"ஐயோ. யாழ்ப்பாணத்துக்காரங்க தோட்டத்துல கில்லாடின்னு சொன்னாங்களே. அத நம்பித்தான் நான் ஓகே சொன்னேன்."

"நான் உம்மை நம்பித்தான் ஓம் எண்டனான். தலைவி சொன்னா நீர் ஏதோ இயற்கை விஞ்ஞானி எண்டு."

"பனிக்கா! எனக்குப் பனி மட்டும்தான் தெரியும்!"

அன்று நாங்கள் வேலை செய்ததைவிடச் சிரித்ததுதான் அதிகம். காஞ்சோண்டி என் முழங்கை முழுக்கச் சுட்டுவிட்டது. அவளுக்குக் கன்னத்தில் சுட்டது. வீட்டுக்குப் போகும்போது ஒரு கதவு அகலத்துக்குத் தரை தெரிந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டோம்.

செப்டெம்பர் முழுக்க, அவளுக்கு ஆய்வும் எனக்குப் பிள்ளைகளும் இல்லாத எல்லா நேரமும் அங்கேதான். அந்தப் பச்சைக் கம்பளத்தின் பெயரை அடுத்த துண்டுக்காரர் சொல்லித் தந்தார்: ஸ்குவாலர்கோல். ஸ்குவாலர் என்றால் ஊர்வம்பு, கோல் என்றால் கோவா என்னும் மரக்கறி. வம்புக்கோவா. பொருத்தமான பெயர்தான். மேலே ஒரு இலையைப் பிடுங்கினால் கீழே வெள்ளை நூல் போன்ற வேர் நாலு திசைக்கும் ஓடும். ஒரு விரற்கடை மிஞ்சினாலும் அதிலிருந்து மறுபடி முளைக்கும். கிளறிக் கிளறி வேரை எடுத்து வாளியில் போட்டோம். முள்ளுக்கரண்டியைப் பெரிதாக்கிப் பிடி போட்டது போல ஒரு கருவி இருக்கிறது. மண்வெட்டியைவிட அதுதான் இதற்கு நல்லது, வேரை வெட்டாமல் தூக்கும் என்பதை ஒரு மண்வெட்டி உடைந்த பிறகு அறிந்தோம்.

வம்புக்கோவாவின் இளம் இலையைத் தின்னலாம் என்றும் யாரோ சொன்னார்கள். நான் நம்பாமல்தான் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தேன். கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "என்ன கீரை இது?" என்றார். சொன்னதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அடுத்த கிழமை அவரே, "அந்தப் புல்லு இன்னும் இருக்கோ?" என்று கேட்டார்.

நடுவில் ஒரு பெரிய கல் இருந்தது. எவ்வளவு தோண்டியும் அதற்கு அடி வரவில்லை.

"அலவாங்கு ஒண்டு வேணும்" என்றேன்.

"அலவாங்கா? அது என்ன, மரமா?"

"இரும்புக் கம்பி. நீட்டு. கல்லுக் கிளப்புறது."

அவள் கையை நீட்டி, மடக்கி, நெம்புவது போலக் காட்டினாள். "கடப்பாரை!"

அந்த நேரத்தில்தான் அவள் கைப்பேசியில் ஒரு பட்டியல் தொடங்கினாள். ஒரு பக்கம் என் சொல், மறுபக்கம் அவள் சொல். அலவாங்கு, கடப்பாரை. கோவா, முட்டைக்கோஸ். வெண்டிக்காய், வெண்டைக்காய். வாளி, பக்கெட். கிழமை, வாரம். எனக்கு மூக்கடைத்தால் தடிமன். அவளுக்கு அது ஜலதோஷம். ஒரு நாள் நான், "ஆறுதலா வாரும், அவசரமில்லை" என்று செய்தி அனுப்ப, அவள் பதறிப்போய், "யாருக்கு என்னாச்சுக்கா? எதுக்கு ஆறுதல்?" என்று அழைத்தாள். ஆறுதலாக என்றால் எங்களுக்கு மெதுவாக. அதையும் பட்டியலில் ஏற்றினோம். பட்டியல் கிடுகிடுவென்று வளர்ந்தது, இனி எங்களுக்குள் விளங்காத சொல்லே இல்லை என்று நினைத்தோம்.

ஒக்டோபரில் என் முழங்காலில் சின்னதாக ஒரு அறுவைச் சிகிச்சை. ஐந்து கிழமை நான் தோட்டப் பக்கம் போகவில்லை. கிளறி முடித்த பகுதியை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டாள். கிளறாத பகுதியை, என் கணவர் தமிழ்க் கடைகளில் வாங்கி வந்த மரக்கறிப் பெட்டிகளின் மட்டையால் மூடினாள். வெளிச்சம் படாவிட்டால் வம்புக்கோவா அடங்கும் என்று எங்கோ படித்திருந்தாளாம். பிறகு பனி விழுந்துவிட்டது. அந்தப் பனிக்காலம் முழுக்க நாங்கள் விதைப் பட்டியல் பார்த்தோம். எங்கள் அடுக்குமாடிக் குளியலறையில் தக்காளி முளைக்க வைத்து, ஒன்றும் சரிவராமல், மறுபடி முளைக்க வைத்தோம்.

ஏப்ரலில் அவளுடைய அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மூன்று கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் கோயம்புத்தூருக்குப் பறந்தாள். போன நாலாம் நாள் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல்.

"அக்கா, பனி போயிடுச்சா? மேல் பாத்தியில பூண்டு முளைச்சிருக்கும். கொஞ்சம் கவனிங்க, ப்ளீஸ். அப்படியே விட்டா எல்லாம் வீணாப் போயிடும்."

எனக்கு அவள் மேல் பெரிய இரக்கம் வந்தது. தாய் படுக்கையில், இவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஒஸ்லோவில் களை முளைத்துவிடுமே என்று கவலைப்படுகிறாள். ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் அனுப்பினேன்.

சனிக்கிழமை போனேன். நல்ல தடிமன்; மூக்கு இரண்டும் அடைத்து, வாயால்தான் மூச்சு. மழை தூறிக்கொண்டிருந்தது. மேல் பாத்தியில் உக்கிப்போன இலைகளுக்கு நடுவே விரல் உயரத்துக்குப் பச்சையாகப் புல் முளைத்திருந்தது. வரிசை வரிசையாக நின்றது. களை எங்கேயாவது வரிசையில் நிற்குமா என்று கேட்பீர்கள். நானும் அதைக் கவனித்தேன். ஆனால் குவேக்கெ என்று ஒரு புல் இருக்கிறது. அதன் வேர் மண்ணுக்குள் நேர்கோட்டில் ஓடி, ஓடிய வழியெல்லாம் முளை விடும். போன செப்டெம்பரில் அதோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆகவே எனக்கு அந்த வரிசையைக் கண்டதும் கோபம்தான் வந்தது. ஒன்று விடாமல் கிளப்பினேன். வேரோடு, மண்ணோடு, ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கட்டினேன். இந்த மாதிரிப் புல்லைத் தோட்டத்துக் குப்பைக் குவியலில் போடக்கூடாது, மறுபடி முளைக்கும் என்பதால் பையைக் காரின் பின்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாத்தியைச் சமப்படுத்தி ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். கை முழுக்கச் சேறாக இருந்ததால் அனுப்பவில்லை. அதை நான் இன்றுவரை அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் கணவர் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போகக் காரை எடுத்தார். போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி மேலே வந்தார்.

"இஞ்சாரும், நீர் உள்ளி வாங்கினீரோ?"

"இல்லையே."

"காருக்குள்ள ஏற ஏலாமக் கிடக்கு. ஒரே உள்ளி மணம்."

"பின்னுக்குக் கிடக்கிறது பூண்டுப் பை" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, எனக்குக் காதுக்குள் ஏதோ விழுந்தது போல இருந்தது.

எங்கள் வீட்டில் உள்ளி என்பதை அவள் வீட்டில் பூண்டு என்பார்கள். எனக்குத் தெரியாத சொல் அல்ல. தமிழ்நாட்டுச் சமையல் நிகழ்ச்சிகளில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இஞ்சி பூண்டு விழுது என்று போத்தலில் எழுதியிருப்பதை வாங்கியும் இருக்கிறேன். ஆனால் அது அடுப்படியில் கேட்ட சொல். தோட்டத்தில் நின்றுகொண்டு பூண்டு என்றால் எனக்குப் புல்லும் பூண்டும்தான்.

செருப்போடு ஓடிப்போய்க் கார்ப் பெட்டியைத் திறந்து பையை அவிழ்த்தேன். தடிமன் பிடித்த மூக்குக்கே அது மணத்தது. ஒரு முளையை எடுத்து மண்ணைத் துடைத்தேன். அடியில் வெள்ளையாக ஒரு உள்ளிப் பல்லு. இன்னொன்றைத் துடைத்தேன். அதிலும். நான் ஐந்து கிழமை கால் நீட்டிக் கிடந்த நாட்களில் அவள் நட்டிருக்கிறாள். சொல்ல மறந்திருக்கிறாள், அல்லது சொன்னதாக நினைத்திருக்கிறாள்.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அழப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தம்பிக்கு அழைத்து, வரவில்லை என்று சொன்னார். "வாரும், போய்த் திருப்பி நடுவம்" என்றார். தோட்டம் கிடைத்த நாளிலிருந்து அவர் அங்கே வந்தது அன்றுதான் முதல் தடவை.

நாற்பத்தாறு முளைகள் இருந்தன. அவர் விரலால் குழி போட, நான் ஒவ்வொன்றாக நட்டேன். முதுகு நோகும் மனிதர், முறைப்பாடு சொல்லாமல் குனிந்துகொண்டே இருந்தார். பஸ் தரிப்பிடத்தில் நிறுத்துவது போல ஒவ்வொரு குழிக்கும் இடைவெளி பார்த்துப் பார்த்து வைத்தார். எல்லாம் நட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால் ஒரு முளை கூட நேராக நிற்கவில்லை. எல்லாம் தலை சாய்ந்து கிடந்தன.

"நீர் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேணும்" என்றார்.

"அவ வரட்டும். தாய்க்குக் கண் சுகமில்லாத நேரத்தில..."

அதைச் சொல்லி முடிக்கும்போதே கைப்பேசி அடித்தது. அவள்தான், முகம் காட்டும் அழைப்பு. எடுக்காமல் விட எனக்குத் தோன்றவில்லை; கை எடுத்துவிட்டது.

"அக்கா! தோட்டத்துலயா இருக்கீங்க? சூப்பர்! அம்மாவுக்கு நேத்துதான் கண்கட்டு அவுத்தாங்க. பூண்டைக் காட்டுன்னு ஒரே பிடிவாதம். அது அம்மா குடுத்து விட்ட மலைப்பூண்டுக்கா. பாதி அது, பாதி இங்க கடையில வாங்குனது. அந்தக் குளிர்ல எது தாங்குதுன்னு எங்களுக்குள்ள ஒரு போட்டி."

பாதி அது, பாதி இது. எதையும் பிரிக்காமல் கலந்து கட்டி நட்டிருந்தோம்.

திரையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா தெரிந்தார். நரைத்த தலையை முன்னுக்கு நீட்டி, "வணக்கம்மா. எங்க, காட்டு பாப்போம்" என்றார். கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று மகள் சொல்லச் சொல்ல, அதை நெற்றிக்கு ஏற்றினார். நான் கைப்பேசியைப் பாத்தியின் பக்கம் திருப்பினேன்.

"ஏம்மா எல்லாம் இப்படித் தலை தொங்கிக் கிடக்கு?"

"குளிர் அம்மா" என்றேன். "இஞ்சை இப்பவும் சரியான குளிர்."

பின்னால் என் கணவர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மா கைப்பேசியைத் திருப்பச் சொன்னார். பாத்தியை அல்ல, என் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தார். "சரிம்மா, உடம்பைப் பாத்துக்க. ஜலதோஷம் போல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த இரண்டு கிழமை நான் வேலை முடிந்ததும் நேரே தோட்டத்துக்குத்தான் போனேன். தண்ணீர் ஊற்றினேன். குளிர் கூடின நாளில் பழைய படுக்கை விரிப்பால் மூடினேன். பாலர் பாடசாலையில் காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல ஒவ்வொரு முளையையும் பார்த்தேன். ஏழெட்டு மஞ்சளாகிச் செத்துப்போயின. மிச்சம் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. அவள் வரும் கிழமையில், தெரியாத ஒருவர் பார்த்தால் ஒரு பிழையும் காணமாட்டார் என்னுமளவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்குச் சொல்லாமல் விடும் ஆசை உண்மையிலேயே வந்தது. இரண்டு நாள் அந்த ஆசையோடு இருந்தேன்.

மே மாதத் தொடக்கத்தில் அவள் வந்தாள். கேற்றைத் திறந்து வந்து, கையிலிருந்த பையை வைப்பதற்கு முன்னமே நான் தொடங்கிவிட்டேன். பூண்டு என்றது, தடிமன், குவேக்கெ, கறுப்புப் பை, காருக்குள் மணம், எல்லாம். ஒரே மூச்சில் சொன்னேன்.

"எல்லாத்தையுமா புடுங்குனீங்க?"

"ஓம்."

"மலைப்பூண்டு எது, கடைப்பூண்டு எதுன்னு..."

"தெரியேல்லை பிள்ளை. எல்லாம் கலந்துபோச்சு."

அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு மறுபக்கம் போய் வேர் கிளறத் தொடங்கினாள். நானும் என் பக்கம் குனிந்தேன். இருபது நிமிடம் இருக்கும். பிறகு அவள் முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னவ?"

"அந்த அக்கா பாவம், ஏதோ பண்ணிட்டு முழிக்குது, நீ போய்த் திட்டாதேன்னு." அவள் திரும்பினாள். "புதுக் கண்ணுல்லக்கா. ரொம்பத் தெளிவாத் தெரியுதாம்."

நான் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் மூக்கால்தான் முதலில் வரும்.

"ஆனா எனக்குத் திட்டணும் போலத்தான் இருந்துச்சு" என்றாள்.

"ஏசும். ஏசினா எனக்கும் சுகம்."

"ஏசும்னா?"

"திட்டுறது."

அவள் கைப்பேசியை எடுத்து அதையும் எழுதினாள். அதற்கு மேலே, பெரிய எழுத்தில், உள்ளி, பூண்டு. பிறகு பையிலிருந்து அவளுடைய அம்மா எனக்கென்று கொடுத்து விட்ட முறுக்கை எடுத்தாள். சேற்றுக் கையோடு இருவரும் தின்றோம். அன்று மாலை வீட்டுக்குப் போய், கோயம்புத்தூருக்கு அழைத்து அந்த அம்மாவிடம் நேரே மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, பூண்டு என்ன, அடுத்த வருஷம் முளைக்காதா?" என்றார். பிறகு, இங்கே தக்காளி என்ன நிறம், மழை எப்படி, என் கணவருக்கு முதுகுக்கு என்ன தைலம் பூசுகிறேன் என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தார்.

அந்தக் கோடை எங்களுக்கு நல்லபடியாகத்தான் போனது. உருளைக்கிழங்கு நட்டோம், பீற்றூட், அவரை, வெள்ளரிக்காய் போலக் காய்க்கும் சுக்கினி. எவ்வளவு நட வேண்டும் என்று தெரியாததால் சுக்கினியில் பன்னிரண்டு கன்று வைத்தோம். ஓடில்லாத நத்தைகள் வந்து சலாதுக் கீரை முழுவதையும் தின்றன. வெயில் சாயும் நேரத்தில் அவள் அருவருப்போடு கரண்டியால் எடுத்து வாளியில் போடுவாள், நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன். கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மடக்குக் கதிரையோடு வரத் தொடங்கினார். உதவிக்கு அல்ல, பத்திரிகை படிக்க. ஆனால் உள்ளிப் பாத்திக்கு மட்டும் வேறு ஒருவரையும் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். தான் குழி போட்டது என்பார்.

ஜூலைக் கடைசியில் கிளப்பினோம். முப்பத்தெட்டு. சிலது எலுமிச்சம்பழ அளவு, சிலது கோலிக்குண்டு. எது மலையிலிருந்து வந்தது, எது கடையிலிருந்து வந்தது என்று நிறத்தைப் பார்த்தும், தோலை உரித்தும், மணந்தும் விவாதித்தோம். ஒருவருக்கும் நிச்சயமில்லை. கோயம்புத்தூர் அம்மா திரையில் பார்த்து, பெரியதெல்லாம் தன்னுடையது என்று தீர்ப்புச் சொன்னார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஓகஸ்டில் தலைவி பார்வையிட வந்தார். துண்டில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மட்டைக்குக் கீழேதான் இருந்தது. அந்தக் கல்லும் இருந்தது. அதை அசைக்க முடியாது என்று முடிவு செய்து, தேத்தண்ணிப் போத்தல் வைக்கும் மேசையாக்கியிருந்தோம். அவர் ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தார்.

"நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். "எங்கள் இரண்டு பேருக்கும் விவசாயம் தெரியாது. அன்றைக்குத் தலையை ஆட்டியிருக்கக் கூடாது."

"அது எனக்கு உங்கள் முதல் நாளிலேயே தெரியும்" என்றார். "மண்வெட்டியைப் பிடித்த விதத்தில்." சொல்லிவிட்டுக் கையில் இருந்த தாளில் ஏதோ அடையாளம் போட்டார். "இரண்டு பாதியும் சரி."

பன்னிரண்டு சுக்கினிக் கன்றும் அந்த மாதம் ஒரேயடியாகக் காய்க்கத் தொடங்கின. நாங்கள் தின்றோம். கறி, வறை, சாம்பார், அடை, எல்லாவற்றிலும் போட்டோம். வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனேன். கணவர் பஸ் டிப்போவுக்குக் கொண்டுபோனார். பல்கலைக்கழகத்தில் அவளைக் கண்டால் ஆட்கள் வேறு வழியால் போகிறார்களாம். கடைசியில் நான் எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வொரு கதவு வாசலிலும் ஒவ்வொன்று வைத்தேன், பெயர் எழுதாமல். இருபது வருடமாகப் படியில் கண்டால் 'ஹை' மட்டும் சொல்லும் நாலாம் மாடிப் பெண்மணியின் வாசலில் இரண்டு வைத்தேன்.

மூன்று நாள் கழித்து விடியற்காலை வேலைக்குப் போகக் கதவைத் திறந்தேன். கால் எதிலோ தட்டியது. வாசலில் ஒரு சுக்கினி கிடந்தது. எங்களுடையது அல்ல, எங்களுடையது பச்சை, இது மஞ்சள். என் முழங்கை நீளம். யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. அதை உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, கணவர் எழும்புவதற்கு முன் பஸ் பிடிக்க ஓடினேன்.